முடித்துக் கொடுத்த படம்

இப்படி வந்து அமருங்கள், தம்பி. அந்த முக்காலியின் ஒரு கால் ஆடும். இந்தப் பெஞ்சு உறுதியானது. லட்சுமி படம் உங்களுடையதுதானே? புதிதாகக் கடை திறக்கிறீர்கள் போலும். நல்லது, மிக நல்லது. ஞானதுரை சட்டம் போட்டால் பூச்சி ஏறாது. ஆனால் அவசரப்படுத்தினால் மூலையைக் கோணலாக வெட்டிவிடுவான். என் படம் முடிந்த பிறகுதான் உங்கள் லட்சுமியை எடுப்பான். அதுவரை ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, நியாயம் என் பக்கமா, என் மகள் பக்கமா என்று நீங்களே கூறுங்கள்.

என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், தவறில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள் வரையப் போனேன். அங்கே அச்சாகி விழுந்த தாள்களையெல்லாம் படித்துப் படித்தே தமிழ் கற்றேன். ஆகையால் அச்சில் வருவது போலவே பேசவும் வந்துவிட்டது. என் மனைவி உலகம்மாள் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வாள். "ஏங்க, பால்காரன்கிட்ட போயி 'நேற்றைய பால் நீர்த்திருந்தது'ன்னா அவனுக்கு என்னத்த வெளங்கும்? தண்ணி கலந்துட்டியாலேன்னு கேளுங்க" என்பாள். அந்த உலகம்மாளின் படத்துக்குத்தான் அங்கே ஞானதுரை சட்டம் அறுத்துக்கொண்டிருக்கிறான். நாளை மறுநாள் அவளுக்கு முதலாம் ஆண்டுத் திதி.

ஓவியமும் அப்படித்தான். எவரிடமும் கைகட்டி நின்று நான் கற்றதில்லை. தீப்பெட்டி லேபிள் எவ்வளவு பெரிது? உங்கள் இரண்டு விரல் அகலம். அதற்குள் ஒரு மயில் நிற்க வேண்டும். மயிலுக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் சூரியன், சூரியனுக்குக் கதிர், சுற்றிலும் பூவேலை, கீழே கம்பெனிப் பெயர். எங்காவது ஒரு கடுகளவு இடம் வெறுமையாக இருந்துவிட்டால் எங்கள் முதலாளி அதன்மேல் விரலை வைத்துக் கேட்பார்: "தில்லைநாயகம், இந்த எடத்த யாருக்கும் வாடகைக்கு விட்டிருக்கீரா?" அந்தப் பட்டறையில் தேறியவன் நான். தாளில் ஓரிடத்தைச் சும்மா விடுவது சோம்பல் என்பதே நான் அறிந்த பாடம்.

அச்சகத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதையும் நீங்கள் தெரிந்துகொண்டால்தான் வழக்கு விளங்கும். ஒருவன் காய்ச்சலென்றோ துக்கமென்றோ படத்தைப் பாதியில் விட்டுப் போனால், பக்கத்து மேசைக்காரன் அதை எடுத்து முடித்துக் கொடுத்துவிடுவான். கேட்டுக்கொண்டு செய்வதில்லை. கேட்பது அவமரியாதை. என் தகப்பனார் காலமானபோது நான் பாதியில் விட்டுப்போன புலிக்கு வாலும் வரியும் போட்டு, புல்லும் புதரும் போட்டு, முடித்து என் மேசையில் வைத்திருந்தான் சங்கிலி என்றொருவன். காரியம் முடிந்து திரும்பிவந்து அதைப் பார்த்தேன். தகப்பனாரின் சடலத்தைப் பார்த்தபோது வராத அழுகை, அந்தப் புலியைப் பார்த்தபோது வந்தது. துக்கத்தில் இருப்பவனுக்குச் செய்யத்தக்க உதவி அதைவிட மேலானது வேறொன்று உண்டோ?

நிற்க. என் மகளைப் பற்றிச் சொல்லவில்லையே. ஒரே மகள், செண்பகவல்லி. சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தாள். நான்தான் படிக்க வைத்தேன். இப்போது கோயம்புத்தூரில் குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். அவ்வளவு படித்து அவள் கற்றுக்கொண்டு வந்தது என்ன தெரியுமா? வரையாமல் விடுவது. குறை சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். நடந்ததை நடந்தபடியே கூறுகிறேன்.

உலகம்மாளுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய். ஐப்பசி மழையோடு படுத்தாள். வீட்டுக்கே பிராணவாயு உருளையைக் கொண்டுவந்து வைத்துக் குழாய் மாட்டினோம். செண்பகம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கூடத்தில் நான் வரைந்த படம் தொங்குகிறது. என் மனைவியை நான் ஒருநாளும் வரைந்ததில்லையே என்று. உடனே பட்டுச்சேலையைக் கட்டச் சொன்னேன். இருந்த நகைகளையெல்லாம் பூட்டினேன். மூக்கில் இருந்த குழாயைச் சிறிது நேரம் கழற்றி வைத்தோம். நேராக உட்கார வைத்து, "அசையாதே" என்றேன்.

அவளும் அசையவில்லை. இருமலை அடக்கிக்கொண்டு இருந்தாள். மூச்சு முட்டும்போது மட்டும் விரலை உயர்த்துவாள், நான் பென்சிலைக் கீழே வைப்பேன், குழாயை மாட்டுவோம், மறுபடியும் கழற்றுவோம். இப்படிப் பல மாலைகள். சேலையின் கரையில் உள்ள ஒவ்வொரு அன்னத்தையும் வரைந்தேன், தம்பி. காசுமாலையில் ஒரு காசு விடவில்லை. முடித்து அவள் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. யாரு இது?" என்றாள். அப்படித்தான், எப்போதும் கேலிதான் அவளுக்கு.

அதற்குப் பிறகு ஒரு காலைப்பொழுது. உலகம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். செண்பகம் என் மேசையிலிருந்து நல்ல தாள் ஒன்றை எடுத்தாள். போர்வையை மடித்துத் தன் மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து வரைந்தாள். பலகைகூட இல்லை. தன் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

அந்தப் படத்தை உங்களுக்கு எப்படி விளக்குவது? பிடரியில் ஒரு கோடு தொடங்குகிறது. முதுகு வழியே இறங்குகிறது. தோள்பட்டை எலும்பு துருத்திய இடத்தில் சற்றே நடுங்குகிறது. இடுப்பருகே மெலிந்து, மெலிந்து, இல்லாமலே போய்விடுகிறது. அதன்பின் நான்கு விரற்கடைக்கு வெறும் தாள். பிறகு எங்கிருந்தோ முழங்காலின் வளைவு வருகிறது. நடுவில் மடி எங்கே, சேலை எங்கே, கட்டில் எங்கே? ஒன்றும் இல்லை. ஆயினும் பார்ப்பவன் கண் அந்த வெற்றிடத்தைத் தானாகவே கடந்து முழங்காலுக்குப் போய்விடுகிறது. அவள் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. உட்கார முடியாமல் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. நம் கண்ணையே கூலியில்லாமல் வேலை வாங்கும் ஏமாற்று இது! ஊன்றிய கை இருக்கிறதே, அங்கே மட்டும் பென்சிலை அழுத்தியிருந்தாள். உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு மணிக்கட்டில் வந்து நின்றது. முகத்துக்கு ஒரு காது, தாடைக்கு ஒரு கோடு. அவ்வளவே. கண் இல்லை, மூக்கு இல்லை, கல்யாணத்தன்று போட்ட மூக்குத்தி இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சன்னல் வெளிச்சம் அடித்தாற்போல் வெள்ளையாகக் கிடந்தது.

"முகம் எங்கே அம்மா?" என்று கேட்டேன்.

"அங்கதாம்ப்பா இருக்கு."

"எனக்குத் தெரியவில்லையே."

"அம்மா சன்னலப் பாக்கா. நீங்க ஏன் அவ முகத்தப் பாக்கணும்?"

தகப்பனிடம் பேசும் பேச்சா இது? உலகம்மாள் கையை நீட்டி அதை வாங்கினாள். பார்த்தாள். குழாய்க்குள் மூச்சு இரைந்தது. "ஏ செண்பகம், இதுல மூச்சு விடலாம் போலிருக்குடி" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நீங்க நகையப் போட்டுக் கழுத்த இறுக்கிட்டீக" என்றாள். என் படம் பீரோவுக்குள் போயிற்று. இந்தத் தாள் அவள் தலையணைக்கடியில் போயிற்று. நோயாளியின் பேச்சு, நான் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாதவன் இவ்வளவு துல்லியமாகச் சொல்வானா என்று நினைக்கிறீர்கள். நினைவாற்றல் எனக்கு இயல்பிலேயே அதிகம்.

மாசி பிறந்து அவள் போய்விட்டாள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பதினாறாம் நாள் காரியம்வரை செண்பகம் வீட்டில்தான் இருந்தாள். பென்சிலைத் தொடவில்லை. அடுக்களைக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். தலையணை உறையை வெளுக்க எடுத்தபோது அந்தத் தாள் என் கைக்கு வந்தது. ஐயோ, பிள்ளை பாதியில் விட்டுவிட்டாளே; இனி பார்த்து வரைய ஆள் ஏது என்று எண்ணினேன். எனக்குப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? நான் பார்த்து வாழ்ந்த முகம் அது. கண்ணை மூடினால் மூக்கின் பக்கத்து மச்சம் எங்கே இருக்கிறது என்று விரல் தானாகப் போகும். மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். மற்றவர்கள் கண்ணால் அழுதார்கள். நான் பென்சிலால் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளை நம் பக்கம் திருப்பினேன். கண், மூக்கு, மூக்குத்தி, நெற்றியில் பொட்டு, காதில் கம்மல். மடி இல்லாத இடத்தில் பட்டுச்சேலையை மடிப்பு மடிப்பாக இறக்கினேன். பின்னால் திரைச்சீலை, திரைக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே பூப்போட்ட விரிப்பு. குழாய் மட்டும் போடவில்லை. அந்தச் சனியன் அவளுக்கு எதற்கு?

பதினாறாம் நாள் பந்தி தொடங்குமுன் கூடத்தில் வைத்துத் துணியை விலக்கினேன். என் மைத்துனன் ஆவுடையப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "அத்தான், அக்கா எந்திரிச்சு வந்து 'சாப்டியாலே'ன்னு கேப்பா போலிருக்கே!" என்றான். பெண்டுகள் ஒருமுறை மீண்டும் அழுதார்கள். நான் செண்பகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலி அன்று எங்கோ நின்று என்னைப் பார்த்திருப்பானே, அதுபோல.

அவள் கிட்டே வந்தாள். தாளின் ஓரத்தைத் தொட்டாள். தன் தாள்தான் என்று அப்போதுதான் அறிந்தாள் போலும்.

"அம்மா எங்கப்பா?" என்றாள்.

"இதோ இருக்கிறாளே" என்றேன்.

"இருந்தா. நீங்க அவ மேல எல்லாத்தையும் போட்டு மூடிட்டீங்க."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. இலையில் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்துவிட்டாள். பெற்ற தாயின் பதினாறாம் நாள் சோற்றை உண்ணாமல் போன மகளை இந்தக் கோவில்பட்டியில் எவரேனும் கண்டிருப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஓராண்டில் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் அழைப்பாள். "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" இரண்டே கேள்வி. நான் விடை சொல்வேன். பிறகு வைத்துவிடுவாள். முன்பெல்லாம் அப்படியா? அவளும் தாயும் பேசத் தொடங்கினால் அடுப்பில் குழம்பு வற்றிப்போகும்.

அவளுக்காக நான் விட்டுக்கொடுக்காமல் இல்லை. கார்த்திகையில் ஒருநாள், சரி, நான் போட்டதை அழித்து அவள் கோட்டை மட்டும் மிச்சம் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். புது ரப்பர் வாங்கினேன். விரிப்பு போயிற்று; விளக்கு போயிற்று. சேலைக்கு வந்தபோதுதான் சங்கடம். எது அவள் கோடு, எது என் கோடு? இரண்டும் கருப்பு. இரண்டும் ஒரே பென்சில். என் மேசைப் பென்சிலைத்தான் அவளும் எடுத்திருக்கிறாள். முதுகுக் கோடு என்று எண்ணி ஒன்றை விட்டுவைத்தேன். பார்த்தால் அது திரையின் மடிப்பு. தாள் சாம்பல் பூத்துப்போயிற்று. அதை அப்படியே விட முடியுமா? முன்னிலும் அழுத்தமாக எல்லாவற்றையும் மறுபடி போட்டேன்.

போன ஞாயிறு திதியைப் பற்றிச் சொன்னேன். "வாரேம்ப்பா" என்றாள். எனக்கு நாற்காலியில் இருக்க முடியவில்லை. அடுத்த மூச்சிலேயே, "அந்தப் படத்த மட்டும் மாட்டாதீங்க. செவரு சும்மா கெடக்கட்டும்" என்றாள்.

"திதி நாளில் வெறுஞ்சுவரையா கும்பிடுவது? உறவினர் என்ன சொல்வார்கள்?" என்றேன்.

"அப்ப நான் வரலப்பா. நீங்க நல்லபடியா நடத்துங்க."

ஒரு சுவர், தம்பி. ஒரு சுவருக்காக வரமாட்டேன் என்கிறாள். ஆகவேதான் யோசித்தேன். அன்று அவள் பார்த்தது சட்டமில்லாத தாள். சட்டமில்லாத படம் தலை வாராத பெண் போல, எடுபடாது. தங்க முலாம் பூசிய சட்டத்தில், கண்ணாடிக்குள் வைத்துக் கூடத்தில் மாட்டி, விளக்குப் போட்டு, வாசலில் நின்று அவளை அழைத்துக் காட்டினால் மனம் மாறும். மாட்டவில்லை என்று சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். பொய்தான். அவளைப் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஞானதுரைகூட, "அண்ணாச்சி, சுத்தி ஒரு இஞ்சு வெள்ள அட்ட வச்சா எடுப்பா இருக்கும்" என்றான். வேண்டாம், படம் சட்டத்தைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

என்னப்பா ஞானதுரை? அழைத்தாயா?

பின்பக்கமா? பின்பக்கத்தில் என்ன இருக்கப் போகிறது? அழுக்கென்றால் தட்டிவிட்டுப் பலகையை வைத்து அடி. வரி வரியாக இருக்கிறதா? இரு, வருகிறேன். தம்பி, நீங்களும் சற்று வாருங்கள். என் கண்ணாடி பழையது.

வாசல் பக்கமாகச் சாய்த்துப் பிடி, ஞானதுரை. வெயில் சரிவாக விழட்டும். ஆம்.

ஆம்.

தம்பி, இது செண்பகத்தின் கோடு. மடித்த போர்வைமேல் வைத்து வரைந்தாள் என்றேனே; மெத்தென்ற இடத்தில் வரைந்ததால் தாளின் மறுபுறம் புடைத்திருக்கிறது. நான் போட்ட சேலையும் திரையும் கெட்டிப் பலகைமேல் வைத்துத் தேய்த்தவை. அவை இந்தப் பக்கம் வரவே இல்லை. விரலைக் கொடுங்கள். இதோ பிடரி. இறங்குகிறதா? தோள்பட்டையில் நடுங்குகிறது பாருங்கள். இங்கே மெலிகிறது. இங்கே இல்லை. இல்லை, இல்லை, இல்லை… இதோ முழங்கால். கையை எடுக்காதீர்கள். இந்தப் பக்கம் மணிக்கட்டு. எவ்வளவு அழுத்தம்! இவ்வளவு பாரத்தையா உலகம்மாள் அந்த ஒரு கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? பக்கத்தில்தானே நின்றேன், ஒரு தலையணையை எடுத்து முதுகுக்குக் கொடுத்திருக்கலாமே.

ஒன்றுமில்லை. அறுத்த மரத்தூள் கண்ணில் பறக்கிறது.

மேலே போகட்டும் விரல். காது. தாடை. அதன்பின்…

இங்கே முட்டுகிறது, பார்த்தீர்களா? இவை நான் போட்ட கண்கள். கண்ணுக்கும் மூக்குத்திக்கும் கருமை ஏற வேண்டுமென்று அடியில் செய்தித்தாளை மடித்து வைத்து அழுத்தினேன். அவை மட்டும் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. என் மகள் அங்கே ஒன்றும் வைக்கவில்லை, தம்பி. வெளிச்சத்துக்கு விட்டிருந்தாள்.

ஞானதுரை, இந்த இடத்தை மட்டும் நீவிச் சமமாக்க முடியுமா? நகத்தால்? ஈரப்படுத்தி?

கிழிந்துவிடும் என்கிறான்.

கோடு முழுவதும் கிடைத்துவிட்டது. வெற்றிடம் கிடைக்கவில்லை. கோட்டையாவது அழித்துப் போடலாம், போட்டு அழிக்கலாம். வெற்றிடத்துக்கு என்ன செய்வது? எந்த ரப்பருக்கு அது வரும்?

போதும், ஞானதுரை. பலகையை வைக்காதே. கண்ணாடியும் வேண்டாம். சட்டம் அறுத்தது இருக்கட்டும். வேறு யாருக்காவது ஆகும். தாளைச் சுருட்டாமல் கொடு. சுருட்டினால் புடைப்பு அமுங்கிவிடும். அட்டைகளுக்கு நடுவிலும் வைக்காதே. இப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போகிறேன்.

தம்பி, சற்றுப் பொறுங்கள். இதைப் பிடியுங்கள், ஓரத்தில் மட்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல, ஆயினும் என் அழைப்பை எடுப்பாள்.

செண்பகம்? நான்தான்… சாப்பிட்டேன்… போட்டுக்கொண்டேன். இல்லை அம்மா, உடம்புக்கு ஒன்றுமில்லை. கடைத்தெருவில் நிற்கிறேன்… சுவரில் ஒன்றும் மாட்டவில்லை. உண்மையாகத்தான். ஒன்றுமில்லை… ஓர் ஆணி மட்டும் இருக்கிறது, காலையில் அடித்தேன். போனதும் பிடுங்கிவிடுகிறேன்… துளையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்து, மேலே கொஞ்சம்… சரி. அடைக்கவில்லை. தொடவில்லை. அப்படியே இருக்கட்டும். நீ வா.